குறிப்பேட்டில் எஞ்சிய பெயர்

எங்கள் வீட்டு அலமாரியில், அகராதிகளுக்கும் பழைய பாடநூல்களுக்கும் இடையே ஒரு 555 குறிப்பேடு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் இந்தச் சிறிய குறிப்பேட்டை இன்றைய மாணவர்களில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்; உடனே சொல்லிவிடுவார்கள். தோட்டப்புறங்களிலும் சிறு பட்டணங்களிலும் கடைக்காரர்கள் கடன் கணக்கு எழுதியது இதில்தான். 'புக்கு தீகா லீமா' என்று மலாய்க்காரர்களும் இதை நன்கு அறிவர்.

எங்கள் குறிப்பேட்டில் அரிசிக் கணக்கோ பருப்புக் கணக்கோ இல்லை. அதில் இருப்பவை மனிதர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயரின் மீதும் ஒரு கோடு இழுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோடுகளுள் ஒன்றை இழுப்பதற்கு மட்டும் எங்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கிள்ளானுக்கு வடக்கே உள்ள மேருவில் நாங்கள் வசிக்கிறோம். ஜாவா வம்சாவளி மலாய்க்காரர்கள் பலர் வாழும் ஊர் இது. சீனர்களும் தமிழர்களும் அவர்களோடு கலந்து வாழ்கிறார்கள். என் கணவரின் தந்தையை நாங்கள் 'அத்தா' என்று அழைப்போம். அவர் இராமநாதபுரத்திலிருந்து 'ரஜூலா' கப்பலில் வந்து, பல கடைகளில் எடுபிடியாக வேலை செய்து, பின்னர் மேருவில் சொந்தமாக ஒரு மளிகைக் கடை வைத்தார். இரு மகன்களும் அந்தக் கடையிலேயே வளர்ந்தார்கள். பள்ளி முடிந்ததும் அண்ணன் கல்லாவில் அமர்வார். என் கணவர் வாடிக்கையாளர் வீடுகளுக்கு மிதிவண்டியில் சாமான்களைக் கொண்டு சேர்ப்பார்.

அத்தாவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஒருமுறையேனும் மக்காவுக்குச் சென்று வர வேண்டும் என்பதே அது. இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் துறைமுகம் 1972ஆம் ஆண்டு வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்டது. அக்காலத்தில் புனிதப் பயணிகள் அங்கிருந்து கப்பலேறிச் செல்வதையும், உறவினர்கள் கரையில் நின்று கண்ணீரோடு கையசைப்பதையும் அவர் பார்த்திருக்கிறார். "திரும்பி வருவோமா என்று தெரியாமல்தான் அந்தக் காலத்தில் புறப்பட்டார்கள். அதனால், எல்லாருடைய கணக்கையும் தீர்த்துவிட்டுத்தான் கப்பலில் கால் வைப்பார்கள்," என்று அவர் அடிக்கடி சொல்வார். அத்தாவின் ஆசை நிறைவேறவில்லை. அவர் 2013ஆம் ஆண்டு காலமானார்.

இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், தம் கடையிலிருந்த 555 குறிப்பேடுகளையெல்லாம் கொல்லைப்புறத்தில் போட்டு அவர் எரித்துவிட்டார். "யாரும் எனக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை," என்றார். ஊரே அவரை வாழ்த்தியது. ஆனால், அவரிடம் கடன்பட்டவர்களின் கணக்குத்தான் எரிந்தது. அவர் மொத்த வியாபாரிகளிடம் பட்ட கடன் எரியவில்லை. இது எங்களுக்கு அப்போது தெரியாது.

அத்தா இறந்த நான்கு மாதங்களில் அண்ணன் கடையை விற்றுவிட்டார். என் கணவரால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. உறவினர்கள் கூடியிருந்த இடத்தில், "அத்தாவின் உழைப்பை விற்று உங்கள் பையை நிரப்பிக்கொண்டீர்கள்," என்று சொல்லிவிட்டார். அண்ணன் எதுவும் பேசாமல் எழுந்து சென்றார். அன்று சமையலறையில் நானும் சும்மா இருக்கவில்லை. அண்ணனின் மனைவியை, நான் வாய் நிறைய 'அக்கா' என்று அழைத்தவரை, சுடுசொல்லால் சுட்டேன். அதன்பின் அவர்கள் பிரிக்பீல்ட்ஸிலுள்ள அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்தனர். மேருவுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் இடையிலான தூரம் காரில் ஒரு மணி நேரம்தான். அந்தத் தூரத்தை ஆண்டுக்கணக்கில் நாங்கள் கடக்கவில்லை.

நான் பாடத்திட்ட அதிகாரியாகப் பணிபுரிகிறேன். நன்னெறிப் பண்புகளின் பட்டியலில் 'மன்னித்தல்', 'விட்டுக்கொடுத்தல்' என்ற சொற்களை எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறேன். மாணவர்களுக்கு எளிதாக எழுதிக் கொடுத்ததை என் வீட்டில் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை.

2014ஆம் ஆண்டு முதல் நானும் கணவரும் மாதந்தோறும் ஆளுக்கு 100 ரிங்கிட் சேமிக்கத் தொடங்கினோம். ஹஜ் செய்யத் தாபோங் ஹாஜியில் ஏற்கெனவே பதிந்திருந்தோம். முன்பெல்லாம் கிராமத்து மக்கள் நிலத்தையும் எருமை மாடுகளையும் விற்று மக்காவுக்குச் சென்றுவிட்டு, வறுமையோடு திரும்புவார்கள். அந்நிலையை மாற்றும் சேமிப்புத் திட்டம் ஒன்றை 1959ஆம் ஆண்டில் முன்மொழிந்தவர் பேராசிரியர் உங்கு அசிஸ். அதன் பயனாக, 1963ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கிய நிறுவனமே இன்றைய தாபோங் ஹாஜி. ஆனால், ஹஜ்ஜுக்கு ஒவ்வொரு நாட்டிற்கும் அதன் முஸ்லிம் மக்கள்தொகையில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் இடம் ஒதுக்கப்படுகிறது. ஆகவே, புதிதாகப் பதிவோர் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும்.

உம்ரா அப்படியன்று. ஹஜ் குறிப்பிட்ட மாதத்தில், குறிப்பிட்ட நாள்களில் நிறைவேற்றப்படுவது. வசதியும் உடல்நலமும் உள்ள ஒவ்வொரு முஸ்லிமுக்கும் வாழ்நாளில் ஒருமுறை கடமையானது. உம்ரா என்னும் சிறிய புனிதப் பயணத்தை ஆண்டின் பெரும்பாலான நாள்களில் நிறைவேற்றலாம். அதன் வழிபாடுகளைச் சில மணி நேரத்தில் செய்து முடித்துவிடலாம். அத்தாவுக்குக் கிட்டாத அந்தப் பேற்றை அவர் நினைவோடு நாங்கள் அடைய விரும்பினோம்.

2020 மார்ச் 5ஆம் நாள் புறப்படுவதாக ஏற்பாடு. கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குச் சென்று துணிமணிகள் வாங்கினோம். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். பயிற்சி வகுப்பில் எங்களுக்கு வழிகாட்டிய பெரியவர், "பெட்டி கட்டுவதற்கு முன் மனத்தைக் கட்டுங்கள். கடன் இருந்தால் அடையுங்கள். யாரையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிப்புக் கேளுங்கள். இறைவனுக்கும் உங்களுக்கும் இடையிலான பிழையை இறைவன் மன்னிப்பான். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும்," என்றார்.

அன்று இரவு என் கணவர் ஒரு 555 குறிப்பேட்டை வாங்கி வந்தார். நாங்கள் இருவரும் அமர்ந்து பெயர்களை எழுதினோம். கைம்மாற்றாக வாங்கிய 50 ரிங்கிட்டைத் திருப்பித் தர மறந்த நண்பர், வாகனம் நிறுத்துமிடத்தில் சண்டையிட்ட அண்டை வீட்டுக்காரர், நான் காரணமின்றிக் கடிந்துகொண்ட இளைய அதிகாரி என்று மொத்தம் 31 பெயர்கள் சேர்ந்தன. ஒவ்வொருவராகத் தேடிச் சென்றோம், தொலைபேசியில் அழைத்தோம். பெரும்பாலானோர் சிரித்துக்கொண்டே, "அதையா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்றனர். எதிர்வீட்டுத் தமிழாசிரியை அம்மா எங்கள் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு, "மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்," என்றார்.

முப்பது பெயர்கள் மீது கோடு விழுந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர் மட்டும் எஞ்சியது.

"என்னங்க, அண்ணனிடம்..." என்று தொடங்கினேன்.

"அவர்தான் என்னிடம் கேட்க வேண்டும்," என்று கணவர் குறிப்பேட்டை மூடினார்.

நான் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் மறுத்ததில் எனக்கு உள்ளூர ஓர் ஆறுதல். அண்ணனிடம் அவர் சென்றால், அக்காவிடம் நானும் சென்றாக வேண்டுமல்லவா?

பிப்ரவரி 27ஆம் நாள் காலை, அலுவலகம் புறப்படும் வேளையில் செய்தி வந்தது. கோவிட்-19 தொற்றின் காரணமாக வெளிநாட்டு உம்ரா பயணிகளின் வருகையைச் சவூதி அரேபியா நிறுத்திவைத்தது. கட்டிய பெட்டிகள் கூடத்தில் அப்படியே நின்றன. மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையும் நடப்புக்கு வந்தது. ஒரு மாதத்தில் நிலைமை சீராகும் என்று எண்ணினோம். மாதங்கள் ஆண்டுகளாயின. பெட்டியிலிருந்த வெண்ணிறத் துணிகளை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தேன். 555 குறிப்பேட்டையும் அவற்றின் மேல் வைத்தேன்.

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் தொற்று உச்சத்தில் இருந்தது. ஒரு நள்ளிரவு, கணவரின் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் அக்கா. "தம்பி, அண்ணனை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். மூச்சுவிடச் சிரமப்படுகிறார்," என்றார். எட்டு ஆண்டுகளுக்குப் பின் நாங்கள் கேட்ட முதல் வார்த்தைகள் அவை.

நோயாளியைப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை. காரில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தும், போக விரும்பியும் போக முடியாத நாள்கள் அவை. போக முடிந்த காலத்தில் போகாமல் இருந்ததை எண்ணி என் கணவர் தூங்காமல் கிடந்தார். பதினோராம் நாள் இரவு அலமாரியைத் திறந்து குறிப்பேட்டை எடுத்தார். "கோடு போடாமலே போய்விடுவாரோ?" என்று மட்டும் கேட்டார். அவர் அழுததை அன்றுதான் நான் முதன்முறையாகப் பார்த்தேன்.

இறையருளால் அண்ணன் பிழைத்துக்கொண்டார். கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் நாங்கள் பிரிக்பீல்ட்ஸுக்குச் சென்றோம். மின்தூக்கியில் ஏறும்போது, என்ன பேசுவது என்று கணவர் மனப்பாடம் செய்துகொண்டே வந்தார். கதவைத் திறந்த அண்ணன் பாதியாக இளைத்திருந்தார். மனப்பாடம் செய்தவை எல்லாம் கணவருக்கு மறந்துவிட்டன.

"அண்ணே, என்னை மன்னித்துவிடுங்கள்."

அண்ணன் சற்று நேரம் அவரையே பார்த்தார். "முதலில் உள்ளே வா. வாசலில் நின்று பேசுகிற பேச்சா இது?" என்றார்.

அன்றுதான் எங்களுக்கு உண்மை தெரிந்தது. அத்தா மொத்த வியாபாரிகளுக்குத் தர வேண்டிய கடனை அடைக்கவே அண்ணன் கடையை விற்றிருந்தார். இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தைப் பங்கிடுவதற்கு முன் அவருடைய கடனை அடைக்க வேண்டும் என்பது எங்கள் மார்க்க நெறி. விற்ற பணம் போதாமல், தம் சேமிப்பிலிருந்தும் அவர் கொடுத்திருந்தார். கையெழுத்திட்ட பற்றுச்சீட்டுகளை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார்.

"ஏன் அண்ணே அப்போதே சொல்லவில்லை?" என்று கணவர் தழுதழுத்தார்.

"கடனாளியாக இறந்தார் என்று அத்தாவைப் பற்றி அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வேன்? பிறகாவது தனியாகச் சொல்லியிருக்கலாம். எனக்கும் வீம்பு வந்துவிட்டது. நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை," என்றார் அண்ணன்.

நான் சமையலறைக்குச் சென்றேன். அக்கா தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார். அன்று பேசியதற்காக மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் மறந்துவிட்டேன்," என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நின்றார். "இல்லை, மறக்கவில்லை. ஆனால், விட்டுவிட்டேன்," என்றார். அந்த நேர்மையான பதிலை நான் இன்றும் மதிக்கிறேன். மன்னிப்பு என்பது மறதியன்று என்பதை அவர்தான் எனக்குக் கற்றுத் தந்தார்.

வீடு திரும்பியதும், என் கணவர் குறிப்பேட்டின் கடைசிப் பெயர் மீது கோடிட்டார்.

2022 ஏப்ரல் முதல் நாள் நம் நாட்டின் எல்லைகள் மீண்டும் திறக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் எங்கள் பயணம் கைகூடியது. வழியனுப்ப அண்ணனும் அக்காவும் சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திற்கு வந்திருந்தனர். எதிர்வீட்டு அம்மாவும் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். அண்ணன் என் கணவரைக் கட்டித் தழுவி, "அத்தாவுக்காக ஒரு துஆ செய்," என்றார். துஆ என்றால் இறைவனிடம் வேண்டுதல்.

முதலில் மதீனா சென்று சில நாள்கள் தங்கினோம். நபிகள் நாயகம் அடக்கமாகியுள்ள இடத்தின் மேல் எழும் பச்சைக் குவிமாடத்தைக் கண்டோம். பகலில் வெயில் ஏற ஏற, பள்ளிவாசல் முற்றத்தின் மாபெரும் குடைகள் மலர்களைப் போல் மெல்ல விரிந்தன. பின்னர், மதீனாவை அடுத்துள்ள துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் நிலைக்குள் நுழைந்தோம். ஆண்கள் தையலில்லாத இரண்டு வெண்ணிறத் துணிகளை மட்டும் அணிவார்கள். பெண்கள் உடலை மறைக்கும் எளிய உடையை அணிவார்கள். செல்வரும் ஏழையும், அதிகாரியும் தொழிலாளியும் அந்த உடையில் ஒன்றுபோலவே தோன்றுவர். இஹ்ராமில் நறுமணம் பூசக்கூடாது; முடியையும் நகத்தையும் வெட்டக்கூடாது; உயிர்களை வேட்டையாடக்கூடாது; வீண் வாக்குவாதமும் கூடாது.

ஏறக்குறைய 450 கிலோமீட்டர் பேருந்துப் பயணத்திற்குப் பின், நள்ளிரவில் மக்காவை அடைந்தோம். பெரிய பள்ளிவாசலுக்குள் தலைகுனிந்து நடந்து, நிமிர்ந்து பார்த்தபோது, கறுப்புப் பட்டுத்திரை போர்த்திய கஅபா எங்கள் எதிரே நின்றது. அதன் உயரம் சுமார் 13 மீட்டர்தான். சுற்றிலும் விண்ணை முட்டும் கட்டடங்கள் இருந்தும் என் கண்கள் அதைவிட்டு அகலவில்லை. பல நாட்டவர், பல நிறத்தவர், பல மொழியினர் ஒரே திசையில் வலம் வந்துகொண்டிருந்தனர். நாங்களும் அந்த வெள்ளத்தில் கலந்தோம். கஅபா நம் இடப்பக்கம் இருக்க, ஹஜருல் அஸ்வத் என்னும் கறுப்புக் கல் பதித்த மூலையில் தொடங்கி ஏழு முறை சுற்றுவதைத் தவாஃப் என்பர்.

அடுத்தது ஸஃயி. இப்ராஹீம் நபியின் மனைவி ஹாஜரா, தாகத்தால் துடித்த குழந்தை இஸ்மாயீலுக்காகத் தண்ணீர் தேடி, ஸஃபா, மர்வா என்னும் இரு குன்றுகளுக்கு இடையே ஏழு முறை ஓடினார். அதன் பிறகே ஸம்ஸம் ஊற்று பீறிட்டது என்பது வரலாறு. அந்தத் தாயின் தவிப்பை நினைவுகூர்ந்து, பயணிகள் அவ்விரு குன்றுகளுக்கு இடையே ஏழு முறை நடக்கிறார்கள். மொத்தம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நடக்க வேண்டும். வழியில் பச்சை விளக்குகள் எரியும் ஒரு பகுதி உண்டு. அங்கு ஆண்கள் மெல்ல ஓடுவார்கள், பெண்கள் நடப்பார்கள். தன்னந்தனியாக ஒரு தாய் ஓடிய ஓட்டத்தை இன்று ஆண்கள் ஓட, பெண்கள் அமைதியாக நடந்து வருவதை எண்ணி என் கண்கள் கலங்கின.

ஒவ்வொரு முறையும் என் கணவர் அந்த இடத்தில் என்னைவிட்டு முன்னே ஓடுவார். விளக்குகள் முடியும் இடத்தில் கூட்டத்திற்கு இடையே ஓரமாக நின்று எனக்காகக் காத்திருப்பார். ஐந்தாம் முறை நான் அருகில் வந்ததும், "கடையிலிருந்து வீட்டுக்கு நானும் அண்ணனும் ஓட்டப்பந்தயம் வைப்போம். அவர் எப்போதும் பாதியில் நின்று எனக்காகக் காத்திருப்பார்," என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. ஏழாம் முறை மர்வாவில் முடித்து, தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டதும் எங்கள் உம்ரா நிறைவு பெற்றது. கஅபாவை நோக்கி அமர்ந்து அத்தாவுக்காக வேண்டினோம். எதிர்வீட்டு அம்மாவையும் மறக்கவில்லை.

முதற்பயணம் தடைபட்டபோது நான் இறைவனிடம் குறைபட்டுக்கொண்டேன். 2020ஆம் ஆண்டிலேயே சென்றிருந்தால், குறிப்பேட்டில் ஒரு பெயரை மறைத்துவைத்துக்கொண்டுதான் கஅபாவின் முன் நின்றிருப்போம். பெருந்தொற்றுக் காலத்தில் பலர் தங்கள் உறவுகளை இழந்தனர். எங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. ஆகையால், மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் அதற்கொரு பயணமோ நோயோ வரும்வரை காத்திருக்கக்கூடாது என்று இப்போது உணர்கிறேன்.

ஊர் திரும்பிய மறுநாள், எதிர்வீட்டு அம்மாவுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் பிரிக்பீல்ட்ஸுக்குப் புறப்பட்டோம். அண்ணன் ஸம்ஸம் நீரை அமர்ந்து மெதுவாகக் குடித்தார். "பச்சை விளக்கில் ஓடினாயா? முழங்கால் என்ன சொன்னது?" என்று தம்பியைக் கிண்டல் செய்தார். எல்லாரும் சிரித்தோம்.

புறப்படும் நேரத்தில், "அடுத்த ஆண்டு நானும் அக்காவும் போகலாம் என்றிருக்கிறோம். அந்த 555 குறிப்பேடு இப்போதும் கடையில் கிடைக்கிறதா?" என்று கேட்டார். என் கணவர் பையைத் துழாவிப் புதிய குறிப்பேடு ஒன்றை எடுத்து நீட்டினார். அண்ணன் அதை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்தைத் திருப்பி எதையோ எழுதினார்.

முதல் வரியில் யாருடைய பெயரை எழுதினார் என்று நாங்கள் கேட்கவில்லை.